20-17 எப்படிக் கரைந்தது? பாரிஸ் பாட்மிண்டன்: வாசகர் கேள்வி – பதில்

திருநெல்வேலி வாசகர்: 2024 பாரிஸ் ஒலிம்பிக் அரையிறுதியில் லக்ஷயா சென் முதல் கேமில் 20-17, இரண்டாவது கேமில் 7-0 என்று முன்னிலையில் இருந்தும் டென்மார்க்கின் அக்ஸல்சனிடம் 20-22, 14-21 என்று தோற்றார். இன்னும் மனசு ஆறவில்லை. பதற்றம்தான் காரணமா?

பதற்றமும் ஒரு காரணம். ஆனால் பழியை முழுக்க அதன் தலையில் போட்டுவிட்டால், களத்தில் நடந்ததைப் பார்க்கத் தவறிவிடுவோம்.

அக்ஸல்சனின் உயரம் 194 செ.மீ. குதித்து அடிக்கும்போது மூன்று மீட்டருக்கு மேலே ஷட்டிலைத் தொட்டுவிடுவார். நெட்டின் உயரமோ நடுவில் 1.524 மீட்டர்தான். அவருக்கு எதிராக உயரத் தூக்கிப் போடும் லிஃப்ட், பேஸ்லைனுக்கு (களத்தின் பின்கோட்டுக்கு) அரை மீட்டர் முன்னால் விழுந்தாலே போதும். ஸ்மாஷ் செங்குத்தாக வந்து காலடியில் இறங்கும். அவரை மடக்க வழி, நெட்டுக்குப் பக்கத்தில் குனிய வைப்பதும், இடுப்பு உயரத்தில் வேகமாக டிரைவ் (தட்டையான அடி) அடித்து அவர் கையை மடக்க வைப்பதும்தான். லக்ஷயாவுக்கு இந்த இரண்டுமே நன்றாக வரும்.

ஒரே ஒரு புள்ளி எடுத்தால் போதும் என்ற நிலை வந்ததும் எந்த ஆட்டக்காரரும் பிழை செய்யாத அடியைத் தேடுவார். பெரும்பாலும் அது உயரமாகத் தூக்கிவிடுவதாகவே இருக்கும். மற்றவர்களிடம் அது பாதுகாப்பு. அக்ஸல்சனிடம் அதுதான் ஆபத்து. அந்த மூன்று கேம் பாயிண்ட்களையும் மறுபடி போட்டுப் பார்க்கும்போது, ஒவ்வொரு ராலியிலும் யார் முதலில் ஷட்டிலைத் தூக்குகிறார் என்பதை மட்டும் கவனியுங்கள்.

7-0 வேறு கதை. 21 புள்ளி கேமில் அது மூன்றில் ஒரு பங்குதான். உலக சாம்பியன் ஒருவர் அதைத் துரத்திப் பிடிப்பது அதிசயமில்லை. அதோடு, ஒவ்வொரு கேம் முடிந்ததும் பக்கம் மாறுகிறார்கள். உள்ளரங்கக் காற்றோட்டம் அங்கே தன் வேலையைக் காட்டும். அதை அடுத்த பதிலில் சொல்கிறோம்.

ஈரோடு வாசகர்: வெண்கலப் போட்டியில் மலேசியாவின் லீ ஸி ஜியாவிடம் 21-13 என்று முதல் கேமை வென்ற லக்ஷயா, பிறகு 16-21, 11-21 என்று விழுந்தார். வலது முழங்கையில் ரத்தம் வந்ததுதான் காரணமா?

காயம் ஆட்டத்தை அடிக்கடி நிறுத்தியது உண்மை. தரையில் விழுந்த ரத்தத்தைத் துடைக்கும்வரை ஆட முடியாது. ஆட்டத்தின் தாளம் கெடும். ஆனால் இரண்டாவது கேமில் 8-3 என்று முன்னிலையில் இருந்தவர் தொடர்ந்து ஒன்பது புள்ளிகளை விட்டதற்கு அது மட்டும் காரணமாகாது. காற்று பின்னாலிருந்து வரும் பக்கத்தில் ஆடுவது லக்ஷயாவுக்குச் சிரமம் என்று, களத்தோரம் பயிற்சியாளராக உட்கார்ந்திருந்த பிரகாஷ் படுகோனே அன்று சொன்னார். நம் கணிப்பும் அதுதான்.

ஏசி அரங்கில் காற்று ஒரு பக்கமிருந்து மெல்லத் தள்ளும். ஷட்டிலின் எடை 4.74 முதல் 5.50 கிராம்வரைதான், அதில் 16 இறகுகள். லேசான தள்ளலுக்கும் அசைந்து கொடுக்கும். காற்று முதுகுப் பக்கம் இருந்தால், வழக்கமான பலத்தில் அடித்த கிளியர் (எதிராளியின் பின்களத்துக்கு உயரமாக அனுப்பும் அடி) பேஸ்லைனைத் தாண்டிவிடும். பயந்து பலத்தைக் குறைத்தால் ஷட்டில் நடுக்களத்திலேயே நின்று எதிராளியின் ஸ்மாஷுக்கு இரையாகும். இந்தப் பக்கத்தில் பின்களத் தூக்கல்களைக் குறைத்து, கீழ்நோக்கிய அடிகளையும் நெட் ஆட்டத்தையும் கூட்ட வேண்டும். காற்று முகத்தில் அடிக்கும் பக்கத்தில் தைரியமாக முழு பலத்தில் தூக்கலாம். அவ்வளவு எளிதாக வெளியே போகாது.

டிவியில் இதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. முதல் கேமில் பேஸ்லைனுக்கு வெளியே விழும் ஷட்டில்கள் எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கப்பட்டவை என்று எண்ணுங்கள். ஒரே பக்கத்திலிருந்து அடித்தவையே அதிகம் வெளியே போனால் காற்று அங்கிருந்துதான் வருகிறது. மூன்றாவது கேமில் ஒருவர் 11 புள்ளியைத் தொட்டதும் மறுபடி பக்கம் மாறுவார்கள். ஆகவே மோசமான பக்கத்தில் தொடங்குபவர் 8-11 என்று இருந்தாலும் கவலைப்படத் தேவையில்லை.

கோவை வாசகர்: நம் இரட்டையர் ஜோடி சாத்விக்–சிராக் காலிறுதியில் மலேசியாவின் ஆரோன் சியா–சோ வூய் யிக்கிடம் 21-13, 14-21, 16-21 என்று தோற்றார்கள். முதல் கேமில் ஓங்கி நின்ற ஜோடிக்கு என்ன ஆயிற்று? இரட்டையரில் எதைக் கவனிக்க வேண்டும்?

ஸ்மாஷின் வேகத்தைப் பார்த்து வாய் பிளக்கிறோம். ஆனால் இரட்டையர் ஆட்டம் பெரும்பாலும் முதல் மூன்று அடிகளில் முடிவாகிவிடுகிறது: சர்வீஸ், அதைத் திருப்புவது, அதற்கு மூன்றாவது அடி. சர்வீஸ் போடும்போது ஷட்டில் தரையிலிருந்து 1.15 மீட்டருக்கு மேலே இருக்கக் கூடாது. நெட்டிலிருந்து 1.98 மீட்டர் தள்ளியுள்ள கோட்டைத் தாண்டியே அது விழ வேண்டும். சாத்விக், சிராக் போன்ற உயரமானவர்களுக்கு அந்த 1.15 மீட்டர் இடைஞ்சல்தான். சர்வீஸ் நெட்டுக்கு மேலே ஒரு சாண் எழும்பினாலே எதிராளி பாய்ந்து உடம்பைப் பார்த்துத் தள்ளிவிடுவார். அப்புறம் இவர்கள் தூக்கித்தான் ஆக வேண்டும்; ஸ்மாஷ் வாய்ப்பு அடுத்த ஜோடிக்குப் போய்விடும்.

மலேசிய ஜோடி தட்டையான டிரைவ் ஆட்டத்தில் கெட்டி. ஒரு தாளில் மூன்று கட்டம் போட்டு, ஒவ்வொரு புள்ளியும் முதல் மூன்று அடியில் முடிந்ததா, நான்கு முதல் ஒன்பது அடியில் முடிந்ததா, அதற்கு மேலா என்று குறித்துக்கொண்டே இந்த ஆட்டத்தைப் பாருங்கள். யார் கை ஓங்குகிறது என்பது ஸ்கோருக்கு முன்பே தெரிந்துவிடும்.

மதுரை வாசகர்: பெண்கள் ஒற்றையரில் தென் கொரியாவின் ஆன் சே-யங் காலிறுதி, அரையிறுதி இரண்டிலும் முதல் கேமை இழந்தே ஜெயித்தார். மெதுவாகச் சூடேறுகிறாரா?

காலிறுதியில் ஜப்பானின் யமகுச்சியிடம் 15-21, 21-17, 21-8. அரையிறுதியில் இந்தோனேசியாவின் துன்ஜுங்கிடம் 11-21, 21-13, 21-16. கடைசி கேமின் எண்களைப் பாருங்கள். எளிதில் புள்ளி கொடுக்காமல் நான்கு மூலைக்கும் எதிராளியை ஓட விடுவது அவர் பாணி. அதன் கூலி முதல் கேமில் கிடைக்காது. எதிராளியின் கால் கனக்கும் மூன்றாவது கேமில்தான் கிடைக்கும். 11 புள்ளியில் 60 வினாடி, கேம்களுக்கு இடையே 2 நிமிடம். அந்த ஓய்வு போதாமல் எதிராளி தவிக்கிறார். இறுதியில் சீனாவின் ஹே பிங்ஜியாவோவை 21-13, 21-16 என்று நேர் கேம்களிலேயே முடித்தார்.

திண்டுக்கல் வாசகர்: பெண்கள் ஒற்றையர் அரையிறுதியில் ஸ்பெயினின் கரோலினா மரின் 21-14, 10-8 என்று முன்னிலையில் இருந்தும் விலகியது ஏன்?

வலது முழங்கால். 2019-இல் காயமடைந்த அதே கால். வலியோடு திரும்பி வந்து இரண்டு புள்ளி ஆடிப் பார்த்தார், முடியவில்லை. எதிராளி ஹே பிங்ஜியாவோ இறுதிக்குப் போனார். அவர் பதக்க மேடையில் ஸ்பெயின் சின்னத்தைக் கையில் பிடித்து நின்றது அந்தப் போட்டிகளிலேயே நம்மை அதிகம் நெகிழ வைத்த காட்சி.

காஞ்சிபுரம் வாசகர்: பாரிஸ் பாராலிம்பிக்கில் துளசிமதி முருகேசன் வெள்ளி, மனிஷா ராமதாஸ் வெண்கலம் வென்ற எஸ்.யு.5 பிரிவில் களத்தைச் சுருக்கிவிடுவார்களா?

இல்லை. எஸ்.யு.5 கையில் குறைபாடு உள்ளவர்களுக்கான பிரிவு. முழுக் களம், அதே நெட். ஒற்றையரில் பாதிக் களம் என்பது சக்கர நாற்காலிப் பிரிவுகளுக்கும், காலில் குறைபாடு உள்ளவர்களுக்கான எஸ்.எல்.3-க்கும்தான். ராக்கெட் பிடிக்காத கை ஓடும்போதும் குதிக்கும்போதும் உடம்பைச் சமன் செய்வது. அந்த உதவி குறைவாக இருந்தும் இவர்கள் பின்களத்திலிருந்து நெட்டுக்கு எப்படித் திரும்புகிறார்கள் என்று கால்களைப் பாருங்கள். நித்யஸ்ரீ சிவன் எஸ்.எச்.6 (உயரம் குறைந்தவர்களுக்கான) பிரிவில் வென்ற வெண்கலத்தையும் சேர்த்தால், தமிழக வீராங்கனைகள் மூன்று பேர் அங்கே பதக்க மேடை ஏறினார்கள்.