லிகண்ட் நிஜமாவே ஒட்டியிருக்கா? மாஸ் ஸ்பெக் கேள்வி பதில்

லிகண்ட்னா புரதத்துல போய் ஒட்டுற மூலக்கூறு. மாஸ் ஸ்பெக்னா மூலக்கூறுகளை மின்சுமை ஏத்திப் பறக்கவிட்டு நிறையை அளக்கிற கருவி.

கேள்வி (கிண்டி, எம்.எஸ்சி. மாணவர்): அக்கா, 28 கிலோடால்டன் (டால்டன்னா மூலக்கூறு நிறையோட அலகு) புரதம், டிரிஸ் பஃபர் (பி.எச். மாறாம வைக்கிற கரைசல்), 150 மில்லிமோலார் உப்பு. அப்படியே மாஸ் ஸ்பெக்ல போட்டா பீக் எல்லாம் மேடு மேடா அகலமா வருது. ஏன்?

பதில்: சோடியம்தான் தம்பி. புரோட்டானுக்குப் பதிலா ஒரு சோடியம் உட்கார்ந்தா நிறை 22 டால்டன் கூடும். ஒரு மூலக்கூறுல மூணு, இன்னொண்ணுல எட்டுன்னு ஒட்டினா, ஒரே பீக் பலதா சிதறிடும். பஃபரை 200 மில்லிமோலார் அம்மோனியம் அசிடேட்டுக்கு மாத்துங்க. அது ஆவியாப் போயிடும். 10 கிலோடால்டன் ஃபில்டர்ல (புரதம் மேல நிக்கும், உப்பு கீழ போயிடும்) 500 மைக்ரோலிட்டரை 50-க்குச் சுருக்கி, திரும்ப 500-க்கு நிரப்புங்க. ஒவ்வொரு தடவையும் உப்பு பத்துல ஒரு பங்காகும், அஞ்சு தடவை போதும். முடிச்சதும் புரதம் எவ்வளவு மிச்சம்னு 280 நானோமீட்டர் ஒளியில அளந்து பாருங்க, ஃபில்டரோட சவ்வுலயே புரதம் ஒட்டிக்கும். கடைசியில 5 முதல் 10 மைக்ரோமோலார் புரதம் இருந்தா போதும்.

கேள்வி (தரமணி): புரதம் மடிப்பு கலையாமதான் கருவிக்குள்ள பறக்குதுன்னு எப்படி நம்புறது?

பதில்: முதல்ல மயோகுளோபினை ஓட்டுங்க. ஹீம்ங்கிற இரும்பு உள்ள மூலக்கூறு அதுல சகப்பிணைப்பு இல்லாம உட்கார்ந்திருக்கு, அதனால நல்ல சாட்சி. ஹீமோட 17,567 டால்டன், அது இல்லாம 16,951. கருவி காட்டுறது நிறையை மின்சுமையால வகுத்த எண், அதனால எட்டு மின்சுமையில முதலாவது 2,197-லயும் ரெண்டாவது 2,120-லயும் தெரியும். 2,197 ஓங்கி நின்னா நல்லது. 2,120 வளர்ந்தாலோ, 616-ல தனி ஹீம் எட்டிப் பார்த்தாலோ கோன் வோல்டேஜை (கருவி வாசல்ல அயனிகளை உள்ள இழுக்கிற மின்னழுத்தம்) இறக்குங்க. ரொம்ப இறக்கினா தண்ணி முழுசா உதிராம பீக் தடிக்கும். ரெண்டுக்கும் நடுவுல நிக்கணும். பீக் பத்துக்கு மேல, இருபதுன்னு மின்சுமைக்குப் பரவினா புரதமே அவிழ்ந்திருக்கு.

கேள்வி (அடையாறு, ஆய்வு மாணவி): 500 மைக்ரோமோலார் லிகண்ட் போட்டேன். ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு ஒட்டியிருக்கு. மூணு இடம்னு எழுதலாமா?

பதில்: எழுதாதீங்க. கருவிக்குள்ள தெளிக்கிற துளி சுருங்கச் சுருங்க உள்ள இருக்கிற லிகண்டோட செறிவு ஏறி, சம்பந்தமில்லாமலும் ஒட்டும். அதே குழாய்ல, இந்த லிகண்டோட உறவே இல்லாத ஒரு புரதத்தையும் கலந்து ஓட்டுங்க. அதுலயும் ஒட்டியிருந்தா அந்தப் பங்கைக் கழிச்சுடணும். லிகண்டை 20 மைக்ரோமோலாருக்குக் குறைங்க. புரதம் 5, ஒட்டினதும் ஒட்டாததும் சமம்னா, கட்டுண்டது 2.5, மீதி லிகண்ட் 17.5. பிரிகை மாறிலி (பாதிப் புரதம் கட்டுண்டிருக்கும்போது மீதி இருக்கிற லிகண்டோட செறிவு) 17.5 மைக்ரோமோலார்.

கேள்வி (அதே மாணவி): கலோரிமீட்டர்ல (ஒட்டும்போது வர்ற வெப்பத்தை அளக்கிற கருவி) ஒட்டுது, இதுல காணோமே?

பதில்: லிகண்ட் எண்ணெய்ப் பசையா? நீர் வெறுப்பால பிடிச்சிருக்கிறது வாயு நிலையில நிக்காது, ஏன்னா அங்க தண்ணியே இல்ல. காணலன்னா ஒட்டலன்னு அர்த்தம் கிடையாது.

கேள்வி (வேளச்சேரி): புரதத்துல எந்த இடத்துல லிகண்ட் ஒட்டுதுன்னு தெரியணும்.

பதில்: ஹைட்ரஜன்-டியூட்டீரியம் பரிமாற்றம். புரதத்தைக் கனநீர் (ஹைட்ரஜனுக்குப் பதிலா கனமான டியூட்டீரியம் உள்ள தண்ணி) பஃபர்ல பத்து மடங்கு கலக்கி, 10 நொடி, 1 நிமிஷம், 10 நிமிஷம், 1 மணி நேரம் விடுங்க. பிறகு பி.எச். 2.5, பனிக்கட்டிக் குளிர்ல பரிமாற்றத்தை நிறுத்தி, பெப்சின்ல (புரதத்தைத் துண்டாக்குற நொதி) வெட்டி அளங்க. லிகண்ட் மூடின இடத்துல டியூட்டீரியம் ஏறுறது குறையும். ஆனா தொலைவுல வடிவம் இறுகினாலும் அதே குறைவு வரும், அதனால இதை மட்டும் வெச்சு இடத்தை முடிவு பண்ணாதீங்க. மீட்டர்ல காட்டுற பி.எச்.ஸோட 0.4 கூட்டினாத்தான் கனநீரோட அளவு. கனநீர் ஈரத்தை இழுக்கும், நம்ம சென்னைக் காத்துல பாட்டிலைத் திறந்து வைக்காதீங்க, சின்னச் சின்னதாப் பிரிச்சு மூடி வையுங்க. பரிமாற்றத்தை நிறுத்தின சாம்பிள் பனிக்கட்டியை விட்டு வெளிய நின்னா ஏறின டியூட்டீரியம் இறங்கிடும், கருவிக்குள்ள ஊசியால ஏத்துற வரை வெளிய எடுக்காதீங்க.