பாட்டியின் கருவாட்டுச் சட்டி

அன்புள்ள ஐயா,

நான் அசைவத்தை விட்டு இரண்டு வருடம் ஆகிறது. குன்னூரில் நண்பர்கள் சேர்ந்து சைவ உணவுக்கென்று ஓர் இயக்கம் தொடங்கப் போகிறோம். இங்கிலாந்தில் 1847-லேயே இதற்குச் சங்கம் வைத்துவிட்டார்கள். நம்மிடம் ஏன் அப்படி வளரவில்லை? பாலையும் விட வேண்டுமா? வீட்டிலிருந்தே தொடங்கிவிட்டேன். பாட்டியின் கருவாட்டுச் சட்டியைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டேன்.

கே., குன்னூர்

அன்புள்ள தம்பி,

பால் உங்கள் விருப்பம். அதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை. நானும் முப்பது வருடமாகப் புலால் உண்பதில்லை, உங்கள் ஆசையின் நியாயம் தெரியும். ஆனால் அந்தச் சட்டியைத் தாண்டி உங்கள் கடிதத்தை என்னால் படிக்க முடியவில்லை.

என் அம்மா, மலையகத் தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிய சாஸ்திரி – சிரிமாவோ ஒப்பந்தத்தில் சிலோனிலிருந்து வந்தவர். நீலகிரியில் கேத்தி பாலாடாவில் கேரட் பிடுங்கப் போவார். ஜனவரி உறைபனியில் தழையைப் பிடித்து இழுத்தால் விரல் மரத்துவிடும். சாயங்காலம் அடுப்பில் கையைக் காட்டும்போதுதான் வெடிப்பு எரியத் தொடங்கும். நகக்கண்ணில் செம்மண் ஞாயிற்றுக்கிழமைகூடப் போகாது. தூக்குவாளியில் பழைய சோறும் சுட்ட நெத்திலிக் கருவாடும் இருக்கும். அந்தக் கூலிக்கு வேறென்ன வாங்க முடியும்? தோட்டத்து முதலாளி சுத்த சைவம். கருவாட்டு வாடை தன் மண்ணில் படக்கூடாது என்பார். பெண்கள் வேலிக்கு வெளியே, லாரி போகிற பாதையில் நின்றுகொண்டே தின்றுவிட்டு வருவார்கள். அவர்கள் பிடுங்கிய கேரட் மட்டும் அவர் வீட்டுப் பொரியலுக்குப் போகும். பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் அந்த வேலியோரம் நின்றிருக்கிறேன். சைவம் என்ற சொல்லே அன்று எனக்குக் கசந்தது.

பிறகு எப்படி மாறினேன்? இருபத்திரண்டு வயதில் நெய்வேலிக்கு வேலை தேடிப் போய், கிடைக்காமல், கையில் காசில்லாமல் வடலூரில் இறங்கினேன். வள்ளலாரின் தருமசாலையில் இலை போட்டார்கள். என்ன சாதி, நேற்று என்ன தின்றாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. சோறு, சாம்பார். இரண்டாம் முறை கேட்காமலே வைத்தார்கள். அன்று விட்டதுதான்.

இங்கிலாந்துக்காரர்கள் சங்கம் வைத்த இருபதாவது வருடம், 1867-ல், வள்ளலார் வடலூரில் மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. நம்மிடம் இயக்கம் இல்லை என்று எந்த வாயால் எழுதினீர்கள்? கொலையையும் புலாலையும் மறுப்பதில் அவர் எவ்வளவு கடுமையானவர் என்று படித்துப் பாருங்கள். புலால் உண்பவர்களைப் புற இனத்தார், தம் நெறிக்கு வெளியே நிற்பவர்கள், என்றே சொன்னார். ஆனாலும் அவர்களின் பசியைத் தீர்த்தே ஆக வேண்டும் என்றார். அப்பேர்ப்பட்டவரே யார் வீட்டுச் சட்டியையும் தூக்கி எறியப் போகவில்லை. சோற்றைப் போட்டார். நீங்கள் யாருக்காவது ஒரு வேளை சோறு போட்டதுண்டா, தம்பி? இரண்டு வருடத்தில் ஒருமுறையாவது? இயக்கத்துக்குப் பெயர் யோசிக்கும் முன் அதை யோசியுங்கள். குன்னூர் பஸ் ஸ்டாண்டில் காலை ஆறு மணிக்குக் கூலி வேலைக்கு நிற்கிறவர்களுக்குச் சூடாகப் பொங்கல் கொடுங்கள். என்ன தின்பீர்கள் என்று கேட்காதீர்கள்.

நான் புலால் விட்ட பிறகும் அம்மா கருவாட்டை விடவில்லை. எனக்குத் தனியாக ஒரு சின்னச் சட்டியில் கத்தரிக்காய்க் குழம்பு வைப்பார். கரண்டி மாறிவிடக் கூடாதென்று அதன் காம்பில் சிவப்பு நூல் கட்டியிருந்தார். கடைசி வரை அவர் தட்டைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

மண்சட்டி பழகப் பல மாதம் ஆகும். இந்த ஞாயிறு சந்தையில் நல்லதாக ஒன்று வாங்கி, கஞ்சித் தண்ணீர் ஊற்றி ஊறவைத்து, பாட்டியிடம் நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள்.