முழங்கால் வலியோடு ஒடிசியஸின் தீவுக்குப் போகலாமா?

கேள்வி: நானும் மனைவியும் அறுபதைத் தாண்டியவர்கள். செப்டம்பரில் ஒரு வாரம் கிரேக்கத் தீவு ஒன்றில் தங்க ஆசை. சாந்தோரினி மாதிரிக் கூட்டம் வேண்டாம். புராணக் கதையோடு தொடர்புள்ள அமைதியான இடமாக இருந்தால் நல்லது. மனைவிக்கு முழங்கால் வலி, இருவரும் சைவம். எந்தத் தீவு, எந்த ஊர்?

பதில்: இத்தாக்காவுக்குப் போங்கள். டிராய் போர் முடிந்த பிறகும் வீடு திரும்ப முடியாமல் பத்தாண்டு அலைக்கழிந்த கிரேக்கக் காவிய நாயகன் ஒடிசியஸின் சொந்த ஊர் அது. கிரேக்கத்தின் மேற்கே அயோனியன் கடலில் இருக்கிறது. பரப்பு சுமார் 96 சதுர கி.மீ., மக்கள்தொகை மூவாயிரம் அளவில்தான். விமான நிலையம் கிடையாது. நீண்ட மணற்கரையும் இல்லை, பெரும்பாலும் வெள்ளைக் கூழாங்கல்தான். கூட்டம் அந்தப் பக்கம் அதிகம் போகாததற்கு இவையே காரணம். ஆகஸ்டில் மட்டும் துறைமுகங்களில் பாய்மரப் படகுகள் நெரிக்கும். செப்டம்பர் நடுவில் அது தணிந்துவிடும், கடலும் குளிக்க இதமாகவே இருக்கும்.

எந்த ஊர் என்று கேட்டால் பலரும் கியோனி என்பார்கள். அழகான ஊர்தான், ஆனால் மலைச்சரிவில் அடுக்கடுக்காகக் கட்டியது. வாசலைத் தாண்டினாலே படிகள். உங்கள் மனைவியை நினைத்தால் நான் வாத்தியைத்தான் சொல்வேன். தலைநகரான அது, மூன்று பக்கமும் மலை சூழ்ந்த விரிகுடாவின் கரையில் இருக்கிறது. கரையோரம் முழுக்கச் சமதரை. மருந்துக்கடை, பேக்கரி, உணவகம் எல்லாம் நடக்கிற தூரத்தில். அறை எடுக்கும்போது கரையோரத்திலேயே எடுங்கள், பின்தெருக்கள் மேடேறும். பழைய மாளிகைகளை எதிர்பார்க்க வேண்டாம். 1953 ஆகஸ்ட் நிலநடுக்கத்தில் தீவின் பெரும்பகுதி இடிந்து, பிறகு கட்டியதுதான் இன்றைய ஊர்.

இடிபாடு தேடிப் போகிறவர்களுக்கும் இத்தாக்கா ஏமாற்றமாகவே இருக்கும். ஏதென்ஸ் மாதிரித் தூண்கள் இங்கில்லை. இங்கே கதை நிலத்தில் இருக்கிறது. அதனால் அவன் கதையைச் சொல்லும் ஹோமரின் ஒடிசி காவியத்தில் 13ஆம் காண்டத்தையாவது படித்துவிட்டுப் போங்கள். ஃபீசியர்கள் என்ற கடலோடி மக்கள், தூங்கிக்கொண்டிருக்கும் ஒடிசியஸை இத்தாக்காவின் கரையில் இறக்கிவிட்டுப் போகும் பகுதி அது. வாத்திக்கு அருகிலுள்ள தெக்ஸா கடற்கரைதான் அந்தத் துறை என்பது உள்ளூர் நம்பிக்கை. காரிலேயே போகலாம், ஆலிவ் மர நிழலும் உண்டு. அவர்கள் தந்த பரிசுப் பொருள்களை அவன் ஒளித்துவைத்ததாகச் சொல்லும் தேவதைகளின் குகை மேலே இருக்கிறது. அது பூட்டியே கிடப்பது வழக்கம், விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். ஒடிசியில் வரும் அரெதூசா ஊற்றுக்குப் போகும் பாதை கரடுமுரடானது. நீங்கள் வேண்டுமானால் தனியாகப் போய் வாருங்கள்.

ஹோமர் சொன்ன இத்தாக்கா இதுதானா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. பக்கத்துத் தீவான கெஃபலோனியாவின் பாலிகி தீபகற்பம் என்று ஒரு கட்சி, லெஃப்காதா தீவு என்று இன்னொரு கட்சி. ஆனால் வடக்கே ஸ்தாவ்ரோஸ் கிராமத்தின் சிறு அருங்காட்சியகத்தில், 'ஒடிசியஸுக்கு நேர்த்திக்கடன்' என்று பொறித்த சுடுமண் முகமூடித் துண்டு ஒன்று இருக்கிறது. அருகிலுள்ள போலிஸ் என்ற விரிகுடாவின் குகையில் கிடைத்தது. அறிஞர்கள் என்ன சொன்னாலும், இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே அங்கே அவனுக்கு வேண்டுதல் நடந்திருக்கிறது! தீவில் ஒரே ஒரு இடம்தான் பார்க்க முடியும் என்றால் இதைப் பாருங்கள். காலையிலேயே போய்விடுங்கள்.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். காய்கறியை ஆலிவ் எண்ணெயில் வேகவைக்கும் 'லாதேரா' வகை எங்கும் கிடைக்கும். 'நிஸ்திசிமோ' என்று கேட்டால் விரத உணவு தருவார்கள். அதில் இறைச்சியும் பாலும் இருக்காது, ஆனால் இறாலும் கணவாயும் வரலாம். அதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். அரிசியும் தேனும் சேர்த்துச் செய்யும் ரோவானி இந்தத் தீவின் இனிப்பு.

ஏதென்ஸிலிருந்து கெஃபலோனியாவுக்கு விமானம், அங்கிருந்து டாக்ஸியில் சாமி துறைமுகம், பிறகு அரை மணி நேரக் கப்பல். இத்தாக்காவில் கப்பல் நிற்கும் பிசாயெத்தோஸில் துறைமேடை தவிர ஊர் எதுவும் இல்லை. டாக்ஸிக்கு முன்னதாகவே சொல்லிவையுங்கள். பேருந்தை நம்ப முடியாது. கார் வாடகைக்கு எடுப்பதானால் சர்வதேச ஓட்டுநர் அனுமதி தேவை, மலைச்சாலை குறுகலானது. காற்று பலமாக வீசினால் கப்பலை நிறுத்திவிடுவார்கள். அதனால் ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவைக் கெஃபலோனியாவிலோ ஏதென்ஸிலோ கழியுங்கள்.