கொள்கைக் கோப்பில் அதிகாரியின் பங்கு: கேள்வி பதில்

கே: முடிவெடுப்பவர் அமைச்சர். துறையின் தலைமை அதிகாரியான செயலருக்கு என்ன வேலை?

ப: எந்தெந்த வழிகளிலிருந்து அமைச்சர் தேர்ந்தெடுக்கிறார் என்பதைச் செயலர் கோப்பில் எழுதும் குறிப்புதான் வகுக்கிறது. மத்திய அரசில் 1961-ஆம் ஆண்டின் அலுவல் நடத்தை விதிகளின்படி, செலவு இருந்தால் நிதி அமைச்சகத்தையும், பிற துறைகளைத் தொட்டால் அவற்றையும் முன்கூட்டியே கேட்க வேண்டும். பெரும்பாலான கோப்புகள் சிக்குவது இங்கேதான். "கூடுதல் செலவு பெரிதாக இராது" என்று எழுதினால் நிதி அமைச்சகத்திலிருந்து கோப்பு கேள்வியோடு திரும்பும். பயனாளிகள் எத்தனை பேர், முதலாண்டுச் செலவு, தொடர் செலவு, எந்தக் கணக்குத் தலைப்பு (வரவுசெலவுத் திட்டத்தில் எந்தப் பிரிவின் கீழ்ச் செலவு) என நான்கையும் எழுதுங்கள். மூன்று வழிகளைக் காட்டி, இரண்டை வேண்டுமென்றே நொண்டியாக எழுதாதீர்கள். அது அமைச்சரை ஏமாற்றுவது.

கே: அமைச்சர் வாய்மொழியாகச் சொன்னால்?

ப: எழுத்தில் உறுதி கேளுங்கள். ஐ.ஏ.எஸ். போன்ற அகில இந்தியப் பணிகளுக்கான நடத்தை விதிகள் (1968) அப்படித்தான் சொல்கின்றன. 2013-இல் முன்னாள் அமைச்சரவைச் செயலர் டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றமும் வாய்மொழி அறிவுறுத்தல்களைப் பதிவு செய்யச் சொன்னது.

கே: தொலைபேசியில் சொன்னால்?

ப: அதுவும் வாய்மொழிதான். மேலே பாருங்கள்.





கே: அமைச்சர் கோப்பில் ஒப்புதல் எழுதிவிட்டாலே உத்தரவுதானே?

ப: இல்லை. பச்சித்தர் சிங் எதிர் பஞ்சாப் மாநிலம் (1962) வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பைப் படியுங்கள். மாநில அரசில் ஆளுநர் பெயரில் ஆணையாக வெளியாகி, உரியவருக்குத் தெரிவிக்கப்படும்வரை அது கோப்புக் குறிப்புதான்.

கே: அப்படியானால் செயலர் ஆணையை வெளியிடாமலே கொள்கையைக் கொன்றுவிடலாமே! இது மக்களாட்சியா?

ப: கோபம் நியாயம், முடிவு தவறு. அந்த இடைவெளி அமைச்சர் மறுபரிசீலனை செய்வதற்கானது, செயலரின் தடுப்புரிமை அல்ல. மாற்றுக் கருத்து இருந்தால் காரணத்தோடு எழுதி மறுபடி சமர்ப்பிக்கலாம். அமைச்சர் உறுதி செய்தால், சட்டத்துக்கு உட்பட்டிருக்கும்வரை ஆணை போட்டே ஆக வேண்டும்.

கே: நடைமுறையில் அப்படியா நடக்கிறது? கோப்பில் "பேசவும்" (நேரில் வந்து பேசுங்கள்) என்று எழுதியே மேலதிகாரிகள் மாதக்கணக்கில் இழுக்கிறார்களே?

ப: இழுக்கிறார்கள். அது முட்டுக்கட்டை, கருத்து வேறுபாடு அல்ல. "பேசவும்" என்று வந்த கோப்பை அப்படியே வைத்திருக்காதீர்கள். பேசியதும் தேதி, பேசிய பொருள், முடிவு மூன்றையும் அடுத்த பத்தியில் எழுதி மேலே அனுப்புங்கள். அப்போதுதான் தாமதம் யாரிடம் என்பது கோப்பிலேயே தெரியும்.

கே: வாட்ஸ்அப்பில் உத்தரவு வந்தால்?

ப: மூன்றாவது முறையாக இதே கேள்வி. அச்செடுத்துக் கோப்பில் சேருங்கள், வந்த நேரத்தைக் குறியுங்கள், எழுத்தில் உறுதி கேளுங்கள்.