கடைசி கலீபாவின் மகள் ஹைதராபாத் மருமகளானது எப்படி?

துருக்கியை ஆண்ட ஓட்டோமான் வம்சத்து இளவரசி ஒருவர் ஹைதராபாத் மன்னரான நிஜாம் வீட்டு மருமகளானார் என்பது உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மைதான். ஒருவர் அல்ல, இருவர்.

துர்ருஷெவார் 1914இல் இஸ்தான்புல்லில் பிறந்தார். தந்தை இரண்டாம் அப்துல் மஜீத், கடைசி கலீபா, அதாவது சுன்னி முஸ்லிம்களின் தலைவர் என்ற பதவியில் கடைசியாக இருந்தவர். 1924 மார்ச்சில் துருக்கி நாடாளுமன்றம் கலீபா பதவியையே ஒழித்து, அரச குடும்பத்தை நாடு கடத்தியது. கலீபாவும் குடும்பத்தாரும் இஸ்தான்புல்லை அடுத்த சட்டால்ஜா நிலையத்தில் ரயிலேறினார்கள். அப்போது சிறுமிக்கு வயது பத்து. பின்னர் பிரான்சின் நீஸ் நகரில் குடியேறினார்கள். பட்டம் இருந்தது, பணம் இல்லை. அந்நாளின் பெருஞ்செல்வரான ஹைதராபாத் நிஜாம் மாதப் படி அனுப்பினார். 1931இல் அவருடைய மூத்த மகன் ஆசம் ஜாவை துர்ருஷெவார் மணந்தார். இளைய மகனுக்கு துர்ருஷெவாரின் உறவினரான இளவரசி நிலூஃபர். நிஜாமுக்குக் கலீபா வம்சத்தின் கௌரவம் வேண்டியிருந்தது, கலீபாவுக்குப் பிழைப்பு. காதல் கதையாக இதை எழுதுபவர்களை நம்பாதீர்கள்.

திருமணம் நிலைக்கவில்லை. மகன் முகர்ரம் ஜாதான் தந்தையைத் தாண்டி 1967இல் பட்டத்துக்கு வந்தார்.

எனக்கு வியப்பளிப்பது துர்ருஷெவாரின் வைராக்கியம். 1944இல் பாரிசில் இறந்த தந்தையைத் தாய்மண்ணில் புதைக்கத் துருக்கி இசையவில்லை. உடல் பத்தாண்டுகள் பாரிஸ் மசூதியில் காத்திருந்து, கடைசியில் மதீனா போய்ச் சேர்ந்தது. மகள் அதை மன்னிக்கவில்லை. 2006இல் லண்டனில் இறந்தவரை அடக்கம் செய்ததும் இங்கிலாந்தில்தான்.

ஹைதராபாத்தில் இரு இளவரசிகளின் பெயரிலும் குழந்தைகள் மருத்துவமனைகள் இருக்கின்றன.