ரோஜர் அக்ராய்டு கொலை: பதிப்பு வரலாறு பற்றிச் சில கேள்விகள், பதில்கள்

அகதா கிறிஸ்டியின் ‘ரோஜர் அக்ராய்டு கொலை’ நாவல் பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில்கள் கீழே. கொலையாளி யார் என்பதைத் தொடும் கேள்விகளைக் கடைசிக்குத் தள்ளி, நடுவில் ஒரு கோடு போட்டிருக்கிறேன். படிக்காதவர்கள் கோட்டைத் தாண்ட வேண்டாம்.

கே: வெளிவந்த ஆண்டு 1925 என்று சில இடங்களில், 1926 என்று சில இடங்களில். எது சரி சார்?

ப: இரண்டும் சரிதான். 1925இல் வந்தது தொடர்கதை. லண்டனின் ‘ஈவினிங் நியூஸ்’ மாலை நாளிதழ் ஜூலை 16 தொடங்கி செப்டம்பர் 16 வரை 54 பகுதிகளாக வெளியிட்டது. ஞாயிறுகளைக் கழித்து எண்ணிப் பாருங்கள், சரியாக 54 வரும். தலைப்பு மட்டும் வேறு: ‘அக்ராய்டைக் கொன்றது யார்?’. புத்தகமாக வந்தது 1926 ஜூன் மாதம். இங்கிலாந்தில் வில்லியம் காலின்ஸ், விலை 7 ஷில்லிங் 6 பென்ஸ். அமெரிக்காவில் டாட் மீட், 2 டாலர். கட்டுரையில் நாவலைக் குறிப்பிடும்போது 1926 என்றே போடுங்கள்.

கே: அமெரிக்காவில் தொடராக வரவில்லையா?

ப: வந்தது. ‘ஃபிளின்ஸ்’ வார இதழில் 1926 ஜூன் 19 முதல் ஜூலை 10 வரை, நான்கே பகுதிகள். ஒரு முழு நாவலை நான்கு வாரத்தில் அடக்கினால் என்ன ஆகும்? கன்னாபின்னாவென்று வெட்டியிருந்தார்கள். ஒவ்வொரு வரியிலும் தடயம் ஒளிந்திருக்கும் இந்த நாவலை வெட்டிப் படிப்பதில் பயனில்லை. சேகரிக்க வேண்டுமானால் அந்த இதழ்களை வாங்குங்கள், படிக்கப் புத்தகத்துக்குப் போங்கள்.

கே: அதற்கு முந்தைய புத்தகங்கள் எல்லாம் பாட்லி ஹெட் பதிப்பக வெளியீடு. இது மட்டும் ஏன் காலின்ஸ்?

ப: இது மட்டும் இல்லை, இதிலிருந்து கடைசிவரை காலின்ஸ்தான். காரணம் முதல் ஒப்பந்தம். கிறிஸ்டியின் முதல் நாவலான ‘ஸ்டைல்ஸ்’ நாவலுக்கு பாட்லி ஹெட்டின் ஜான் லேன் போட்ட ஒப்பந்தப்படி, முதல் 2000 பிரதிகள் விற்கும்வரை எழுத்தாளருக்கு ராயல்டி கிடையாது. அதற்குமேல் 10 சதவீதம். அதோடு அடுத்த ஐந்து புத்தகங்களும் அவர்களுக்கே. ‘தி டைம்ஸ்’ வாரப் பதிப்பில் வந்த தொடருக்கான பங்காக 25 பவுண்டு கிடைத்தது, அந்தப் புத்தகத்தில் அவர் கண்ட பணம் அவ்வளவுதான். பிறகு எட்மண்ட் கார்க் என்ற இலக்கிய முகவர் வந்தார். 1924 ஜனவரியிலேயே காலின்ஸுடன் மூன்று புத்தகங்களுக்கு ஒப்பந்தம், புத்தகத்துக்கு 200 பவுண்டு முன்பணம். ஆனால் பழைய பாக்கி முடிய வேண்டுமே! 1925இல் ‘சிம்னீஸ்’ நாவலை பாட்லி ஹெட்டுக்குக் கொடுத்துக் கணக்கைத் தீர்த்தார். அடுத்து வந்த அக்ராய்டு காலின்ஸுக்குப் போயிற்று. முதல் ஒப்பந்தத்தில் அவசரமாகக் கையெழுத்துப் போடும் புது எழுத்தாளர்கள் இந்தக் கதையையும் ஒருமுறை படிக்கலாம்.

கே: பழைய புத்தகக் கடையில் ஒரு கெட்டி அட்டைப் பிரதி கிடைத்தது. உள்ளே 1926 என்று இருக்கிறது. முதல் பதிப்பா?

ப: 1926 என்று இருப்பதை வைத்து மட்டும் எதுவும் சொல்ல முடியாது. அது காப்புரிமை ஆண்டு, மறுபதிப்புகளிலும் அப்படியே நிற்கும். முதலில் தலைப்புப் பக்கத்தில் பதிப்பகத்தின் பெயரைப் பாருங்கள். குரோசெட் அண்ட் டன்லப் என்றிருந்தால் அமெரிக்க மலிவு மறுபதிப்பு. பெரும்பாலும் ஏமாறுவது இங்கேதான், ஏனென்றால் மூலப் பதிப்பின் அச்சுத் தகடுகளையே வாங்கி அடிப்பது அவர்கள் வழக்கம், பக்கங்கள் ஒரே மாதிரி இருக்கும். காலின்ஸ் என்றிருந்தால், அவர்களின் துப்பறியும் நாவல் வரிசையான ‘கிரைம் கிளப்’ முத்திரை எங்கேயாவது இருக்கிறதா என்று தேடுங்கள். அந்த வரிசையே 1930இல்தான் தொடங்கியது, ஆகவே முத்திரை இருந்தால் முதல் பதிப்பு இல்லை. அடுத்து, தலைப்புப் பக்கத்தின் பின்புறம் மறு அச்சு பற்றிய வரி உண்டா என்று பாருங்கள். மேலுறை இருந்தால் விலையையும் பாருங்கள்: 1927இல் மூன்றரை ஷில்லிங்குக்கும் 1928இல் ஒரு ஷில்லிங்குக்கும் காலின்ஸே மலிவுப் பதிப்புகள் போட்டது.

இன்னொரு சிக்கல், ஹார்ப்பர்காலின்ஸ் முதல் பதிப்பை அச்சு அசலாக நகலெடுத்து வெளியிட்டிருக்கிறது. அதில் ஐஎஸ்பிஎன் எண் (புத்தகத்துக்கான அடையாள எண்) இருக்கும், 1926இல் அப்படி ஒன்று கிடையாது. அசல் புத்தகத்துக்கு நகல் மேலுறை போட்டு விற்பவர்களும் உண்டு. நூறு வருடத் தாளில் மடிப்பு ஓரங்கள் நைந்திருக்கும், முதுகுப் பகுதி வெளிறியிருக்கும். பளிச்சென்று வெள்ளையாக இருந்தால் கேள்வி கேளுங்கள். மதிப்பில் பெரும்பகுதி மேலுறைக்குத்தான்.

கே: மலிவுப் பதிப்புகளில் சேகரிக்கத் தகுந்தது ஏதாவது?

ப: 1939இல் அமெரிக்காவில் பாக்கெட் புக்ஸ் 25 சென்ட் விலையில் முதல் பத்துப் புத்தகங்களைக் கொண்டுவந்தது. அதில் 5ஆம் எண் இது. ஷேக்ஸ்பியர் 3, ‘வுதரிங் ஹைட்ஸ்’ 7. இங்கிலாந்தில் 1948இல் பெங்குவின் ஒரே நேரத்தில் கிறிஸ்டியின் பத்துத் தலைப்புகளை, ஒவ்வொன்றும் ஒரு லட்சம் பிரதிகளாக வெளியிட்டது. அதில் இதன் எண் 684.

கே: கிறிஸ்டி சில நாள் காணாமல் போனதால்தான் இந்தப் புத்தகம் புகழ்பெற்றது என்கிறார்களே?

ப: காணாமல் போனது 1926 டிசம்பர் 3, ஹாரோகேட் விடுதியில் கண்டுபிடித்தது 14ஆம் தேதி. புத்தகம் வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது, நாவலின் முடிவு பற்றிய சர்ச்சையும் அதற்குள் கிளம்பிவிட்டது. கிறிஸ்டி என்ற பெயர் வீடுவீடாகப் போனதற்கு அந்தப் பதினோரு நாள் உதவியது, மறுக்கவில்லை.

கே: கூடன்பர்க் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தமிழில் மொழிபெயர்த்து விற்கலாமா?

ப: இந்தியாவில் இப்போது கூடாது. அமெரிக்காவில் வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டு என்பது கணக்கு, அதனால் அங்கே 2022 ஜனவரி 1 முதல் உரிமை தீர்ந்து யாரும் வெளியிடலாம் என்றாகிவிட்டது. நம் சட்டம் ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு எண்ணும். அவர் மறைந்தது 1976 ஜனவரி 12, ஆக 2036 டிசம்பர் 31 வரை உரிமை இருக்கிறது. இலங்கையிலும் பிரிட்டனிலும் 70 ஆண்டு, அதாவது 2046 முடியும்வரை. அதற்கு முன் வெளியிட அகதா கிறிஸ்டி லிமிடெட் நிறுவனத்திடம் அனுமதி வேண்டும்.

——— இதற்குக் கீழே, நாவலை முடித்தவர்கள் மட்டும் ———

கே: கதை சொல்லும் டாக்டர் ஷெப்பர்டே கொலையாளி. இது வாசகரை ஏமாற்றுவது இல்லையா?

ப: நான்காம் அத்தியாயத்தை மறுபடி எடுங்கள். கடிதம் வந்தது 8.40க்கு. டாக்டர் அறையை விட்டுக் கிளம்பியது 8.50க்கு, அப்போதும் கடிதம் படிக்கப்படவில்லை என்கிறார். இரண்டு வாக்கியமும் உண்மை. நடுவில் உள்ள பத்து நிமிடத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. கதவருகே நின்று, செய்ய வேண்டியது ஏதாவது விட்டுப்போயிற்றா என்று யோசிக்கிறார். அதுவும் உண்மை! வாயிற்கதவைத் தாண்டும்போது மணி ஒன்பது. வீட்டிலிருந்து அங்கே ஐந்து நிமிட நடை. மிச்ச ஐந்து நிமிடத்தில்தான் ரால்ஃபின் காலணி, ஜன்னல், உள்ளே பூட்டிய கதவு எல்லாம். பிணத்தைக் கண்டதும் பட்லரைத் தொலைபேசிக்கு அனுப்பிவிட்டு, ‘செய்ய வேண்டிய சிறு வேலையைச் செய்தேன்’ என்கிறார். டிக்டாஃபோனை எடுத்து மறைத்ததும் நாற்காலியைச் சுவரோடு தள்ளியதும் அதற்குள் அடக்கம். ஒரு பொய்கூடச் சொல்லாமல் விடுபட்ட இடங்களை வைத்தே கட்டியிருக்கிறார் என்பதால் இது ஏமாற்று இல்லை என்பது என் கட்சி. அந்தத் தொலைபேசி அழைப்புக்குச் செய்த ஏற்பாடுதான் எனக்குக் கொஞ்சம் பலவீனமாகப் படுகிறது.

கே: துப்பறியும் கதைக்கு எழுத்தாளர் நாக்ஸ் வகுத்த பத்து விதிகளை மீறியது என்கிறார்களே?

ப: நாக்ஸ் அவற்றை எழுதியது 1929இல். இதே போல எழுத்தாளர் வான் டைன் வகுத்த இருபது விதிகள் 1928. இல்லாத விதியை 1926இல் எப்படி மீற முடியும்? யாருடைய மனஓட்டத்தை வாசகர் பின்தொடர்கிறாரோ அவர் குற்றவாளியாக இருக்கக் கூடாது என்று நாக்ஸ் எழுதியபோது, இந்த நாவல் வெளிவந்து மூன்று ஆண்டு ஆகியிருந்தது.

கே: இந்த யோசனை மவுண்ட்பேட்டன் கொடுத்தது என்பது உண்மையா?

ப: பாதி உண்மை. பின்னாளில் இந்தியாவின் கடைசி வைஸ்ராயாக வந்த அதே மவுண்ட்பேட்டன் 1924 மார்ச்சில் கிறிஸ்டிக்கு ஒரு கடிதத்தில் இந்த மாதிரிக் கதைத்திட்டத்தை எழுதி அனுப்பினார். ஆனால் அக்கா கணவர் ஜேம்ஸ் வாட்ஸும், துப்பறிபவரின் வாட்சனே (கூடவே இருந்து கதை சொல்லும் துணைவரே) குற்றவாளியாக வரும் கதை வேண்டும் என்று சொன்னதாகத் தன் வரலாற்றில் கிறிஸ்டியே எழுதியிருக்கிறார். இருவர் பெயரையும் அவர் சொல்கிறார். புத்தகத்தின் சமர்ப்பணம் மட்டும் வாட்ஸின் மனைவிக்கு, அதாவது தன் அக்காவுக்கு.