அம்மாவைத் தூக்கி நடப்பவன்

அன்புள்ள ஐயா,

நீங்கள் பாராட்டிப் பேசியதைக் கேட்டு ரஷ்ய இயக்குநர் அலெக்சாண்டர் சோகுரோவின் ‘தாயும் மகனும்’ பார்த்தேன். 73 நிமிடப் படத்தை முடிக்க மூன்று நாள் ஆனது. பல இடங்களில் காட்சி சாய்ந்து, இழுபட்டுத் தெரிகிறது. எனக்குக் கிடைத்த கோப்பில் கோளாறா? கதையும் இல்லை. இதில் நீங்கள் எதைப் பார்க்கிறீர்கள்?

க.

அன்புள்ள க.,

கோப்பில் கோளாறு இல்லை. 1997-இல் வந்தபோதும் படம் அப்படித்தான் இருந்தது. கேமராவுக்கு முன்னால் கண்ணாடிகளை வைத்து, சிலவற்றில் வண்ணமும் தீட்டி எடுத்திருக்கிறார் சோகுரோவ். திரை தட்டையானது, அதில் ஆழம் இருப்பதாக ஏன் காட்ட வேண்டும் என்பது அவர் வாதம். ஜெர்மன் ஓவியர் காஸ்பர் டேவிட் ஃப்ரீட்ரிக்கின் நிலக்காட்சிகளைப் பார்த்துவிட்டு வந்தால் அந்த வயலும் வானமும் பழகியவையாகத் தெரியும்.

கதை என்றால், சாகக் கிடக்கும் அம்மா வெளியே போக ஆசைப்படுகிறாள், மகன் தூக்கிக்கொண்டு போகிறான். அவ்வளவுதான். வேறொருவர் என்றால் கதவைத் திறந்ததும் வெட்டி, அடுத்த ஷாட்டில் அவளை மரத்தடியில் உட்கார வைத்திருப்பார். சோகுரோவ் நடக்க விடுகிறார். பாதை நீள நீள, அம்மாவின் எடை நம் கைக்கு வந்துவிடுகிறது. படத்தின் வேகம் அந்தக் கைகளின் வேகம். அந்த நடையைச் சுருக்கியிருந்தால் அவள் எடையில்லாமல் போயிருப்பாள்.

சோகுரோவின் தொடக்கமே சிரமமானது. ரஷ்ய எழுத்தாளர் ஆந்த்ரேய் பிளாத்தனோவின் எழுத்தை வைத்து 1978-இல் எடுத்த பட்டப்படிப்புப் படத்தைத் திரைப்படக் கல்லூரி ஏற்கவில்லை. இயக்குநர் தார்க்கோவ்ஸ்கி துணை நின்றார். படம் வெளியே வந்தது 1987-இல். அப்புறம் எல்லோரும் பேசும் ‘ரஷ்யன் ஆர்க்’: 2001 டிசம்பர் 23, செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகம், ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஒரே ஷாட். பெரிய சாதனைதான், ஆனால் என் மனம் அதில் அதிகம் நிற்பதில்லை.

அடுத்து அவருடைய ‘டாரஸ்’ படத்தைப் பாருங்கள். பக்கவாதத்தில் விழுந்த லெனின். 17-ஐ 22-ஆல் பெருக்கச் சொல்கிறார் மருத்துவர், அவரால் முடியவில்லை. ஒரு சாம்ராஜ்யத்தைப் புரட்டிப்போட்டவரை இன்னொருவர் தூக்கிவிட வேண்டியிருக்கிறது. சோகுரோவுக்கு அந்த அம்மாவும் லெனினும் ஒன்றுதான், பிறர் கையை நம்பிக் கிடக்கும் உடம்பு.

‘தாயும் மகனும்’ படத்தை இன்னொரு முறை இரவில், ஹெட்போன் மாட்டிக்கொண்டு பாருங்கள். வசனத்தை விடுங்கள். காற்றையும், தூரத்து ரயிலையும், அம்மாவின் மூச்சையும் கேளுங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள்.